அணையாத லாந்தர்

கார்த்திகைத் தீபத்தன்று மாலை. வாசற்படி, திண்ணை, மாடக்குழி என்று எங்கும் அகல் விளக்குகளை ஏற்றி வைத்தாயிற்று. வாடைக்காற்று ஒரு முறை வீசியது. பாதி விளக்குகள் அணைந்துவிட்டன. தங்கை ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றிக்கொண்டு வருகிறாள். காற்றும் அவள் பின்னாலேயே வருகிறது.

"இரு, காற்றே படாத விளக்கு ஒன்று செய்து காட்டுகிறேன்" என்று அண்ணன் உள்ளே ஓடினான். காலியான ரசகுல்லா டப்பா ஒன்று கிடைத்தது. அதன் அடிப்பக்கத்தில் ஆணியால் நாலைந்து துளைகள் போட்டான். தரையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி நிறுத்தி, டப்பாவை அதன்மேல் கவிழ்த்தான். துளைகள் வழியே வெளிச்சம் அழகாகத் தெரிந்தது. சிறிது நேரந்தான். வெளிச்சம் மங்கியது; பிறகு மறைந்தே போயிற்று. டப்பாவைத் தூக்கிப் பார்த்தால் திரியிலிருந்து புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

"காற்றுதான் உள்ளே போகவில்லையே, அண்ணா! பிறகு யார் ஊதி அணைத்தார்கள்?" என்று கேட்டாள் தங்கை.

நல்ல கேள்வி. காற்று வீசினால் விளக்கு அணைகிறது. காற்றே வராவிட்டாலும் அணைகிறது. அப்படியானால் லாந்தர் என்பது என்னதான் செய்ய வேண்டும்? வீசும் காற்றைத் தடுக்க வேண்டும். அதே சமயம் சுடர் மூச்சுவிடத் தேவையான காற்றை விடாமல் உள்ளே அனுப்ப வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒருங்கே செய்வதுதான் நல்ல லாந்தர். மாணவ நண்பர்களே, கார்த்திகைக்கும், அரையாண்டு விடுமுறையில் வரும் கிறிஸ்துமசுக்கும் வீட்டு வாசலை அலங்கரிக்க அத்தகைய லாந்தர் ஒன்றை நாமே செய்வோம். செய்யும்போதே அதன் அறிவியலையும் படிப்படியாகச் சோதித்துப் பார்ப்போம்.

தேவையான பொருள்கள்

ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும் தகர டப்பா ஒன்று, விளிம்பு தேய்க்க அரம் அல்லது உப்புத்தாள், சுத்தியல், தடித்த ஆணி ஒன்று, மெல்லிய ஆணி ஒன்று, மண் தட்டு அல்லது பூந்தொட்டித் தட்டு, ஈர மணல், சிறிய எவர்சில்வர் கிண்ணம், குட்டையான, பருத்த மெழுகுவர்த்தி, ஓர் ஊதுபத்தி. வெள்ளைக் காகிதமும் பென்சிலும் கையில் இருக்கட்டும்.

டப்பாவைத் திறந்த விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். முதலில் அதை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இதையும் துளை போடும் வேலையையும் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

மணல் எதற்கு?

வெறும் டப்பாவில் ஆணி அடித்துப் பாருங்கள். துளை விழுவதற்குள் டப்பா நசுங்கிவிடும். தகரம் மெல்லியது, உள்ளே அதைத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லை. எனவே டப்பாவுக்குள் ஈர மணலை நிரப்பி, கையால் நன்றாக அழுத்திக் கெட்டிக்க வேண்டும். இப்போது அடியின் வேகத்தை மணல் தாங்கிக்கொள்ளும். ஆணி நேராக இறங்கும்.

குளிர் நாடுகளில் இதே வேலைக்கு டப்பாவில் தண்ணீரை ஊற்றி உறைய வைப்பதுண்டு. பனிக்கட்டியும் நன்றாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது. அதனால் டப்பாவின் அடிப்பக்கம் புடைத்துப் போவதுண்டு. நமக்கு மணலே வசதி.

மூன்று கட்டமாகத் துளையிடுவோம்

எல்லாத் துளைகளையும் ஒரேயடியாகப் போட்டுவிடாதீர்கள். மூன்று கட்டமாகப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சுடர் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்வோம்.

முதலில் மண் தட்டில் ஈர மணலைப் பரப்பி, நடுவில் கிண்ணத்தைப் பதியுங்கள். கிண்ணத்தில் இரண்டு சொட்டு மெழுகை உருக்கிவிட்டு, அதில் மெழுகுவர்த்தியை அசையாமல் நிறுத்துங்கள். டப்பாவைக் கவிழ்க்கும்போது அதன் விளிம்பு மணலில் சற்றே அழுந்தி நிற்க வேண்டும். சுடரின் நுனிக்கும் டப்பாவின் கூரைக்கும் இடையே குறைந்தது 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். மெழுகுவர்த்தி உயரமாக இருந்தால் நறுக்கிக் குட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

முதற்கட்டம்: துளையே இல்லாமல் மூடிப் பார்ப்பது. தகரத்துக்குள் நடப்பது தெரியாதாகையால், இதற்கு மட்டும் ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள். சுடர் நீண்டு, மங்கி, அரை நிமிடத்துக்குள்ளாகவே அணைந்துவிடும்.

இரண்டாம் கட்டம்: டப்பாவின் அடிப்பக்கத்தில், அதாவது கவிழ்த்தால் கூரையாகும் பக்கத்தில், தடித்த ஆணியால் சுமார் 20 துளைகள் போடுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். மணலைக் கொட்டிவிட்டு, இருட்டறையில் மெழுகுவர்த்தியின்மேல் கவிழ்த்து வையுங்கள். மேல்தளத்தில் ஒளிப் புள்ளிகள் தெரியும். அவற்றைக் கவனியுங்கள். முன்னைவிடச் சற்று அதிக நேரம் தாக்குப்பிடித்தாலும், அவை துடித்து மங்குவதைக் காணலாம். அண்ணனுடைய டப்பாவில் நடந்தது இதுதான்.

மூன்றாம் கட்டம்: மறுபடி மணலை நிரப்பி, டப்பாவின் திறந்த விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளி, சுற்றிலும் ஒரே வரிசையாக 20 துளைகள் போடுங்கள். மணலை நீக்கிவிட்டு மறுபடி கவிழ்த்துப் பாருங்கள். அடி வரிசைத் துளைகளைத் தட்டிலுள்ள மணல் மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது சுடர் நிதானமாக எரியும். மங்கலாகத் தெரிந்தால் மேலும் கீழும் இன்னும் சில துளைகள் போடுங்கள்.

இனி ஊதுபத்தியைக் கொளுத்தி, அதன் புகையை அடி வரிசைத் துளை ஒன்றின் அருகே காட்டுங்கள். புகை டப்பாவுக்குள் இழுக்கப்படும். அதையே கூரைத் துளைகளின் மேல் பிடித்தால், புகை வேகமாக மேலே தள்ளப்படும். கண்ணுக்குத் தெரியாத காற்று, கீழ் வாசலால் நுழைந்து மேல் வாசலால் வெளியேறுவதை இப்போது உங்கள் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். அடி வரிசைத் துளைகளைச் சுற்றி மணலைக் குவித்து மூடிப் பாருங்கள். கீழ் வாசல் அடைபட்டதும் சுடர் திணறத் தொடங்கும்.

சுடர் எவ்வளவு காற்று கேட்கிறது?

மெழுகுவர்த்தி எரிகிறது என்கிறோம். உண்மையில் திட மெழுகு எரிவதில்லை. சுடரின் வெப்பத்தால் மெழுகு உருகுகிறது. சாதாரண பாரஃபின் மெழுகு உருக 60 டிகிரி செல்சியஸ் அளவே போதும். உருகிய மெழுகு, தாளில் மை ஊறுவதுபோலத் திரியில் ஊறி மேலேறுகிறது. திரியின் நுனியில் அது ஆவியாகிறது. அந்த ஆவிதான் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து எரிகிறது. பலத்த காற்று வீசும்போது, இந்த ஆவி எரிந்து முடிவதற்குள் அடித்துச் செல்லப்படுகிறது, சுடரும் குளிர்ந்துபோகிறது. அதனால் விளக்கு அணைகிறது.

காற்று வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண மெழுகுவர்த்தி நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.1 கிராம் மெழுகை எரிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 6 கிராம். ஒரு கிராம் மெழுகு முழுமையாக எரிய ஏறத்தாழ 12 லிட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. ஆகவே மணிக்குச் சுமார் 72 லிட்டர். ஆனால் இதோடு கணக்கு முடியவில்லை. சுடரால் காற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் பயன்படுத்திக்கொள்ள முடியாது. 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் 16 சதவீத அளவுக்குக் குறைந்தாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். அதாவது, உள்ளதில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் அதனால் எடுத்துக்கொள்ள முடிகிறது. எனவே தேவையான காற்று நான்கு மடங்காகிறது. மணிக்கு ஏறத்தாழ 300 லிட்டர்!

தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய டிரம் 200 லிட்டர் கொள்ளும். அதுபோல் ஒன்றரை டிரம் காற்று மணிதோறும் இந்தச் சிறிய டப்பாவின் வழியே போய்வர வேண்டும். டப்பாவின் கொள்ளளவோ ஒரு லிட்டர். அப்படியானால் உள்ளே இருக்கும் காற்று நிமிடத்துக்கு ஐந்து முறை புதுப்பிக்கப்பட வேண்டும். மூடிய ஜாடியில் சுடர் அரை நிமிடங்கூடத் தாங்காததில் வியப்பென்ன?

காற்றை இழுப்பது யார்?

லாந்தருக்கு மின்விசிறி இல்லை. பின் யார் காற்றை இழுக்கிறார்கள்? சுடரேதான். சூடான காற்று விரிந்து இலேசாகிறது; மேலே எழுகிறது. அது கூரைத் துளைகளால் வெளியேறும்போது, அந்த இடத்தை நிரப்பக் கனமான குளிர்ந்த காற்று கீழ்த் துளைகளால் நுழைகிறது. பாடப் புத்தகத்தில் வெப்பச் சலனம் என்று படித்தீர்களே, அதுதான் இது. மேலே மட்டும் துளை இருந்தால், வெளியேறும் சூடான காற்றும் உள்ளே வர முயலும் குளிர்ந்த காற்றும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. இரண்டு வாசல்கள் இருந்தால் போக்குவரத்துச் சீராக நடக்கிறது. சமையலறையின் புகைபோக்கியும் இதே முறையில்தான் இயங்குகிறது. பழைய அரிக்கன் விளக்கு ஒன்று கிடைத்தால் உற்றுப் பாருங்கள். அதன் இரு பக்கமும் உள்ள வளைந்த குழாய்கள் வெறும் சட்டம் அல்ல. காற்றைச் சுடருக்கு எடுத்துச் செல்லும் பாதைகள்.

சூடான காற்று மேலே எழும்பாவிட்டால் என்ன ஆகும்? இதைப் பூமியில் சோதிப்பது கடினம். 1992ஆம் ஆண்டு கொலம்பியா விண்வெளி ஓடத்திலும், 1996ஆம் ஆண்டு மிர் விண்வெளி நிலையத்திலும் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார்கள். அங்கே பொருள்கள் எடையற்று மிதக்கின்றன. ஆகவே இலேசான காற்று, கனமான காற்று என்ற பேதமும் இல்லை. மேலே எழுவதும் இல்லை. சுடர் நமக்குப் பழக்கமான கூரிய மஞ்சள் வடிவத்தை இழந்தது. நீல நிறத்தில், மங்கலாக, உருண்டையாக நின்றது. ஆக்சிஜன் மெல்ல விரவித்தான் அதை அடைய முடிந்தது. நம் வீட்டுச் சுடரின் நீண்ட அழகிய வடிவமே, மேலே ஓடும் காற்று வரைந்த ஓவியம்தான்.

விடுமுறையில் ஒரு விஞ்ஞானப் பாடம்

மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு மாணவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லித் தந்தவர்களில் முதன்மையானவர் மைக்கேல் ஃபாரடே. 1791இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். பின்னாளில் மின்சார இயலின் தந்தைகளுள் ஒருவரானார். லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறைதோறும் இளைஞர்களுக்கான சொற்பொழிவுகள் நடப்பது வழக்கம். அங்கே 1848இலும், மீண்டும் 1860-61 விடுமுறையிலும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவர்த்தி. ஆறு சொற்பொழிவுகளில் உருகுதல், ஆவியாதல், எரிதல், நாம் மூச்சுவிடுதல் என்று எல்லாவற்றையும் அந்த ஒரு சுடரைக் கொண்டே விளக்கினார். அவை 1861இல் நூலாக வெளிவந்தன. இன்றும் படிக்கப்படுகின்றன.

அலங்காரத் துளைகள்

காற்றுப்பாதை சரியாகிவிட்டது. இனி அழகு. காகிதத்தில் நட்சத்திரம், மயில், தாமரை என்று விருப்பமான கோலத்தைப் புள்ளிகளாக வரையுங்கள். காகிதத்தை டப்பாவைச் சுற்றி ஒட்டி, மணலை நிரப்பி, மெல்லிய ஆணியால் புள்ளிதோறும் துளையிடுங்கள். சுடருக்கு நேராக வரும் இந்தத் துளைகள் சிறியவையாக இருப்பதே நல்லது. பெரிய துளையானால் வீசும் காற்று நேரே சுடரைத் தாக்கும். பல சிறு துளைகளில் அதன் வேகம் சிதறிக் குறைந்துவிடும்.

விளக்கை ஏற்றியதும் ஒரு புதிர் காத்திருக்கிறது. டப்பாவில் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். ஆனால் சுவரில் நட்சத்திரம் விழாது. கலங்கலான ஒளித் திட்டுகளே விழும். ஏன்? ஒரே ஒரு துளையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் களிமண்ணால் அடைத்து, அந்தத் துளையின் எதிரே அரை மீட்டர் தள்ளி வெள்ளைக் காகிதத்தைப் பிடியுங்கள். காகிதத்தில் தெரிவது வட்டப் புள்ளி அல்ல. தலைகீழாக நிற்கும் சுடர்! ஊசித்துளைக் காமிராவின் தத்துவம் இது. ஒவ்வொரு துளையும் தனக்கென ஒரு சுடர்ப் பிம்பத்தைச் சுவரில் எழுதுகிறது. பல பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால்தான் கோலம் கலங்குகிறது. சோதனை முடிந்ததும் களிமண்ணை எடுத்துவிட மறக்காதீர்கள்.

இந்தத் துளைகள் பாதுகாப்பானவையா?

துளையுள்ள விளக்கைப் பற்றிப் பேசும்போது ஒரு சோக நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். 1812ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடகிழக்கே ஃபெல்லிங் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து 92 பேர் மாண்டனர். சுரங்கங்களில் கசியும் மீத்தேன் வாயுவில் விளக்கின் சுடர் பட்டால் போதும், பெருவெடிப்பு நிகழும். விளக்கில்லாமல் இருட்டில் வேலை செய்யவும் முடியாது. ஹம்ப்ரி டேவி 1815இல் இதற்கு ஒரு வழி கண்டார். ஆராய்ச்சியில் அவருக்கு உதவியவர் வேறு யாருமல்லர், இளைஞர் ஃபாரடேதான்.

டேவி சுடரைச் சுற்றி மிக நெருக்கமான கம்பி வலையை அமைத்தார். காற்று உள்ளே போகும். வெளிச்சம் வெளியே வரும். ஆனால் சுடர் வலையைத் தாண்டாது. கம்பிகள் வெப்பத்தை விரைவாகக் கடத்திப் பரப்பிவிடுவதால், வலைக்கு வெளியே உள்ள வாயு தீப்பற்றும் அளவுக்குச் சூடாவதில்லை. முழுவதும் எஃகினாலான தேநீர் வடிகட்டியைப் பெரியவர் ஒருவரின் துணையோடு இடுக்கியால் பிடித்து, மெழுகுவர்த்திச் சுடரின் நடுவே இறக்கிப் பாருங்கள். சுடர் வலைக்குக் கீழேயே நின்றுவிடும். மேலே புகை மட்டும் வரும்.

நமது லாந்தரின் துளைகளோ பெரியவை. அது பாதுகாப்பு விளக்கு அல்ல. ஆகவே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மின்சாரம் நின்ற இரவில் சமையல் வாயுவின் நாற்றம் வந்தால், லாந்தரையோ மெழுகுவர்த்தியையோ எடுத்துக்கொண்டு தேடப் போகக்கூடாது. எரியும் சுடரை உடனே அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்சுவிட்சுகளைத் தொடாமல் வெளியே வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும்.

மறவாதீர்கள்

1. லாந்தரைத் தரையிலோ சிமெண்டுத் திண்ணையிலோ வையுங்கள். கூரைத் துளைகளால் வரும் காற்று மிகவும் சூடானது. ஓலைக்கூரை, திரைச்சீலை, காகிதத் தோரணம் ஆகியவை அதன்மேல் வரக்கூடாது. பட்டாசு அருகிலேயே இருக்கக்கூடாது.

2. காகிதம் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியசில் தீப்பற்றும். சுடரின் வெப்பமோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். ஆகவே காகித நட்சத்திரத்துக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம். அதற்குச் சிறிய எல்.இ.டி. விளக்கே ஏற்றது.

3. எரியும்போது டப்பாவைத் தொடாதீர்கள், நன்றாகச் சுடும். ஆறிய பிறகே தூக்குங்கள். மேலே போர்த்திய துப்பட்டா, தொங்கும் பாவாடை ஓரம் ஆகியவற்றை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

4. ஒரு லாந்தருக்கு ஒரு மெழுகுவர்த்தி. பலவற்றை நெருக்கி வைத்தால் மெழுகு முழுவதும் உருகி, குளம்போல் தீப்பிடிக்கலாம். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரியும் மெழுகை நாலாபுறமும் தெறிக்கச் செய்யும். உலர்ந்த மணலை அள்ளிப் போட்டு மூடுங்கள்.

5. தீக்காயம் பட்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். மை, பற்பசை, மாவு எதையும் தடவாதீர்கள். பனிக்கட்டியும் வேண்டாம். கொப்புளம் பெரிதானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

6. படுக்கப் போகுமுன் எல்லா லாந்தர்களையும் அணைத்துவிடுங்கள்.

நீங்களே கண்டுபிடியுங்கள்

அடி வரிசையில் 10 துளைகள் இருந்தால் போதுமா? 30 இருந்தால் வெளிச்சம் கூடுமா? அதே அளவுத் துளைகளோடு உயரமான டப்பாவில் காற்று வேகமாக இழுக்கப்படுமா? கூரையில் கரி படிந்தால் அது எதைக் காட்டுகிறது? கால் லிட்டர், அரை லிட்டர், ஒரு லிட்டர் ஜாடிகளைக் கவிழ்த்து, சுடர் அணையும் நேரத்தைக் குறித்து, வரைபடம் போட்டுப் பாருங்கள். கோடு நேராக வருகிறதா?

அடுத்த கார்த்திகைக்கு அந்த அண்ணன் இன்னொரு லாந்தர் செய்தான். மேலும் துளை, கீழும் துளை. வாடைக்காற்று வீசியது, அகல்கள் அணைந்தன, லாந்தர் அணையவில்லை. "இப்போது மட்டும் எப்படி, அண்ணா?" என்றாள் தங்கை. அவன் பதில் சொல்லவில்லை. ஊதுபத்தி ஒன்றை ஏற்றி அவள் கையில் கொடுத்து, "கீழே காட்டிப் பார்" என்றான்.